கார் ஷெட்டில் இளகிய மான்கறி

அமெரிக்காவின் வடகோடிப் பனி மாநிலமான மினசோட்டாக்காரர்களுக்குக் குளிரைப் பற்றி யாரும் பாடம் எடுக்கக் கூடாது. வெர்லினுக்கு அந்தத் திமிர் ஒரு பிடி கூடுதல்.

பழைய ஃபிரிட்ஜைக் கார் ஷெட்டில் போட்டு, தான் சுட்ட மானின் கறியை மேல்தட்டு ஃபிரீசரில் அடுக்கியிருந்தார். சனிக்கிழமை சர்ச் விருந்துக்கு அதுதான் கறி. விருந்துப் பொறுப்பு முதல் முறையாக அவர் மனைவி ஆர்டிஸிடம் வந்திருந்தது. சொதப்பினால் அடுத்த பனிக்காலம் வரை ஊர் அதையே மெல்லும்.

ஜனவரி நடுவில் குளிர் சற்றுத் தணிந்து, அதுவரை உறைந்து கிடந்த ஷெட் உறைநிலைக்குச் சற்று மேலே வந்தது. ஷெட்டே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு அளவுக்குச் சில்லென்று இருந்தால், கீழ்த்தட்டின் சூட்டை மட்டும் பார்த்து ஓடும் மெஷின் தனக்கு வேலையில்லை என்று நின்றுவிடும். மேலே இருக்கும் கறி இளகும். ஆர்டிஸ் கீழ்த்தட்டுக்குள் ஒரு சின்ன பல்பை எரியவிட்டாள். அந்தச் சூட்டுக்கு மெஷின் ஓடியது.

வெள்ளிக்கிழமை காலை கறிப் பொட்டலத்தை அழுத்தினாள். விரல் உள்ளே போனது. பல்பு அணைந்திருந்தது.

"வெர்லின், பல்பை யார் அணைச்சது?"

"நான்தான். ஃபிரிட்ஜுக்குள்ள அடுப்பு வைக்கிறவள இப்பதான் பாக்குறேன். வெளிய பனி கெடக்கு, கரண்டு எதுக்கு வீணா?"

"இதைத் தொட்டுப் பாரு."

தொட்டார். முகம் தொங்கியது. "பாதிரியாருக்குப் போன் பண்ணி விருந்து வேணாம்னு சொல்லிடவா?"

"போனைத் தொட்டே, கை இருக்காது. கறி இளகிருக்கு, கெடல. இன்னும் சில்லுன்னுதான் இருக்கு. இன்னைக்கே குழம்பு வெச்சுட்டா நாளைக்குச் சூடு பண்ணினாப் போதும். நீ வெங்காயம் உரி."

அவளுக்கு உள்ளூர ஆத்திரம் கொதித்தது. மாலைக்குள் வீட்டிலிருந்த பெரிய பாத்திரமெல்லாம் குழம்பால் நிரம்பிவிட்டது. வெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டே உரித்தார்.

விருந்தில் பக்கத்து வீட்டு லோவெல் மூன்றாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார். "வெர்லின், கறி கரையுதுய்யா. நீ சுட்டதுன்னா சும்மாவா?"

வெர்லின் தப்பை ஒப்புக்கொண்டு அந்த ஊர் பார்த்ததில்லை. ஆர்டிஸும் பார்த்ததில்லை. அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"சுட்டது நான். கெடுக்கப் பாத்ததும் நான்தான். இவ சொன்னதக் கேக்கல. இன்னைக்கு நீங்க சாப்பிடுறது இவளாலதான்."

நேற்றிலிருந்து ஆர்டிஸ் அவருக்காகச் சேர்த்து வைத்திருந்த வசவு ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.