பம்பு ஓய்ந்த நாளில் நிபாரண் வீடு

கல்யாணேஸ்வரி அம்மன் மேல் ஆணையாக, வலது கையை நிலக்கரிக் கட்டி மேல் வைத்துச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. முப்பத்தோரு வருஷம் சுரங்கத்து விளக்கறையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு விளக்கு கொடுத்து எண்ணி உள்ளே அனுப்பி, எண்ணி வெளியே எடுத்தவன் நான். கூட்டிச் சொல்லியும் குறைத்துச் சொல்லியும் பழக்கமில்லை.

ஆசன்சோலில் எங்கள் பேட்டை பழைய சுரங்கத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கீழே இருந்த கரியை எடுத்துவிட்டார்கள். அதனால் மேலே இருப்பது இறங்குகிறது. இதில் கோபப்பட ஒன்றுமில்லை. என் பக்கத்து வீட்டு நிபாரண் லாஹிரியின் வீடு, அவன் அப்பா கட்டியபோது மூன்று தளம். வருஷத்துக்கு ஒரு சாண் வீதம் இறங்கி, கீழ்த்தளம் முழுசாக மண்ணுக்குள் போய்விட்டது. நடுத்தளத்து பால்கனி வழியாகத்தான் உள்ளே போவோம். கைப்பிடிச் சுவரைத் தாண்டும்போது வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தபால்காரர் மட்டும் முணுமுணுப்பார்.

நிபாரணின் அக்கா புருஷன் பிரணவேஷ் சன்யால் கல்கத்தாக்காரர். அக்கா புருஷன் என்ற முறையில் நிபாரண் அவரை 'ஜாமாய்பாபு' என்பான். கலாசாரப் பயணம் என்று மாதம் ஒரு ஊருக்குப் போய் இரண்டு நாள் தங்கி, பார்க்கத் தகுந்ததை நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார். நிபாரண் மேல் அவருக்கு இரண்டு புகார். ஒன்று, ரயில் மாறுவதற்கு மட்டுமே மனிதர்கள் இறங்கும் ஊரில் அவன் குடியிருப்பது. இரண்டு, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் எருமைக் கொம்புப் பிடி போட்ட குடையோடு அந்த வீட்டுக்கு வந்தவர், குடையில்லாமல் திரும்பியது. திருடியது நிபாரண்தான் என்று அவர் சொல்லாத கல்யாண வீடு கிடையாது.

செப்டம்பரில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. நிபாரண் அதை எடுத்துக்கொண்டு, அண்ணன் முறை வைத்து 'தாதா' என்று கூப்பிடும் என்னிடம் ஓடிவந்தான்.

"ஹாரு தாதா, நான் செத்தேன். ரெண்டு நாள் வந்து தங்கறாராம். நோட்டுல ஒரு பக்கம் நிரம்பினா என்னை விட்டுடுவாராம். இல்லைன்னா வீட்டை வித்துட்டு அவங்க ஃபிளாட்டுக்கே வந்துடணுமாம். நான் பூமிக்குள்ள போறத நெனச்சு அக்கா தூங்கறதில்லையாம்."

"ஃபிளாட்டு நல்லாத்தானேடா இருக்கும்?"

"தினமும் காலைல தன்னோட கட்டுரையை அவரே சத்தமா படிக்கறாரு, தாதா! அக்கா ரெண்டு காதுலயும் பஞ்சு வச்சிருக்கா. நான் பேசினாக்கூட அவளுக்குக் கேக்கறதில்ல."

முதல் நாள் ஊர் முழுக்கக் காட்டினோம். ரயில்வே காலனியின் செங்கல் பங்களாக்களைப் பார்த்து, "இதைவிட எங்க தெரு டீக்கடை பழசு" என்றார். பொரியும், 'சாப்' என்கிற உருளைக்கிழங்கு போண்டாவும் வாங்கிக் கொடுத்தோம். "கல்கத்தாவுலயும் இது உண்டு." கடைசியில், நிலத்துக்கடியில் எரியும் கரிநெருப்பு தரை வெடிப்பு வழியாக எட்டிப் பார்க்கும் இடத்துக்குக் கூட்டிப்போனோம். அங்கே பெண்கள் வெடிப்பில் கத்தரிக்காயை இறக்கிச் சுட்டு எடுப்பார்கள். ஒன்றைத் தின்றுவிட்டு, "உப்பு பத்தல" என்றார். நோட்டு வெள்ளையாகவே இருந்தது.

மறுநாள் விஸ்வகர்மா பூஜை. அன்று எங்கள் பக்கத்தில் எந்தக் கருவியையும் தொடமாட்டோம். லேத்து, கத்தரிக்கோல், தள்ளுவண்டி எல்லாவற்றுக்கும் பொட்டும் மாலையும் போட்டு ஓய்வு. நாவிதர் சவரம் செய்யமாட்டார். விதிவிலக்கு ஒன்றே ஒன்று: சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கும் பெரிய பம்பு. அது நின்றால் தண்ணீர் ஏறிவிடும். அந்த வருஷம் பம்புக்குப் புதிதாக வந்தவன் லக்கன் பாவுரி. பக்திமான். ஊரே ஓய்வெடுக்கும்போது இது மட்டும் உழைப்பது அநியாயம் என்று அவனுக்குப் பட்டது. விடியற்காலையில் அதற்கும் மாலை போட்டு, சிந்தூரம் வைத்து, நிறுத்திவிட்டான்.

எட்டு மணி வாக்கில் நான் வாசலில் நின்று, பூஜைக்குப் பையன்கள் விடுகிற பட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் ஏறிய தண்ணீர் தூக்க, நிபாரண் வீடு எழுந்தது. சத்தமே இல்லை. எண்ணெயில் போட்ட லுச்சிப் பூரி உப்புகிற மாதிரி நிதானமாக எழுந்தது. என் வீடு எழவில்லை. அதில் பதினொரு பேர் இருந்தார்கள்.

சன்யால் பல் துலக்கும் பிரஷோடு பால்கனிக்கு வந்தார். முந்தின நாள் பழக்கத்தில் வேட்டியைத் தூக்கி ஒரு காலை வெளியே போட்டார். காலுக்கு அடியில் ஒரு பச்சைப் பட்டம் போயிற்று.

"நிபாரண்! தரை எங்கடா?"

"தரை அங்கயேதான் இருக்கு, ஜாமாய்பாபு. நாமதான் மேல வந்துட்டோம்."

நான் கீழேயிருந்து கத்தினேன்: "காலை உள்ள எடுங்க! பட்டத்து நூல் அறுந்துடப் போவுது!"

"ஏணி கொண்டாங்கய்யா!"

"ஏணியும் கருவிதானே. நாளைக்குக் கொண்டாறோம்."

வேறு வழியில்லாமல், இத்தனை வருஷமாகப் பூட்டிக் கிடந்த கீழ்ப்படிக்கட்டைத் திறந்துகொண்டு இரண்டு பேரும் இறங்கினார்கள். நான் வெளியிலிருந்து தெருக்கதவைத் தள்ளினேன், திறந்தது. கீழ்த்தளத்தில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி. ஆணியில் எருமைக் கொம்புப் பிடி போட்ட குடை.

சன்யால் கிட்டே போய்ப் பிடியைத் தடவிப் பார்த்தார்.

"இதை இங்க யாரு மாட்டினது?" என்று கேட்டார்.

"உங்களுக்குத்தான் அந்த உயரம் எட்டும், ஜாமாய்பாபு," என்றான் நிபாரண். அவன் குள்ளம்.

சன்யால் நோட்டை எடுத்தார். உட்கார்ந்தார். எழுதினார். வீடு எழுந்ததைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. குடையின் பிடி, அதன் வளைவு, எட்டுக் கம்பியும் துருப்பிடிக்காத அதிசயம் என்று பக்கம் நிரம்பிவிட்டது. கடைசி வரியில், "நிபாரண் லாஹிரி அவர்கள் இதைப் பாதுகாத்து வருகிறார்" என்றிருந்தது. 'அவர்கள்' போட்டது அதுதான் முதல் தடவை.

சாயங்கால ரயிலுக்குக் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சன்யால் குடையை விரிக்கப் போனார்.

"ஐயோ, ஜாமாய்பாபு!" என்று நிபாரண் கையைப் பிடித்தான். "இன்னிக்கு அதுக்கும் லீவு."

கலாசாரம் தெரிந்த மனிதர். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஸ்டேஷன் வரைக்கும் நனைந்துகொண்டே நடந்தார். மறுநாள் லக்கன் பம்பைப் போட்டான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் வீடு பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது. நிபாரண் இன்றைக்கும் அதில்தான் இருக்கிறான்.

ஆணையிட்டுவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: பூமி தாங்காது என்று எங்கள் பேட்டையில் மாடி கட்ட ஒருநாளும் அனுமதி கொடுத்ததில்லை; தெரு முழுக்கத் தேடினாலும் ஒரு படிக்கட்டு கிடையாது.