பதினாலு நாள் மருந்து

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் மலையாளத்தில் சொல்வதை அம்மாவுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. அம்மா மாடம்மாள் பிழைக்க வந்த இந்த மலையாள ஊரில், கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறாள். டாக்டர்கள் வேகமாகப் பேசினால் அவளுக்குப் பிடிபடாது. நான் மலையாளத்தில் படித்தவள்.

எட்டாம் வகுப்பில் கண் அரிப்பு முற்றியது. விடிந்தால் இமைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். வெயிலில் கண்ணைத் திறக்க முடியாது. டாக்டர் ஓமனா என் மேல் இமையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சீட்டின் பின்பக்கம் படம் போட்டார். தூசி பட்டதும் கண்ணில் உள்ள உயிரணுக்கள் சைட்டோகைன் என்று ஒன்றைச் சுரக்கின்றன. அது ஒரு சேதி மாதிரி. அதைக் கேட்டு ரத்தத்திலிருந்து வேறு அணுக்கள் வருகின்றன. வந்தவையும் சேதி அனுப்புகின்றன. தூசி போன பிறகும் எனக்கு அது ஓயவில்லை. அதனால்தான் இமைக்குள் கல் கல்லாக வீங்கிக் கருவிழியை உரசுகிறது. சொட்டு மருந்து அந்தச் சேதியை அடக்கும்.

"பதினாலு திவசம் மாத்ரம்," என்றார். "கூடுதல் விட்டால் கண்ணில் பிரஷர் கூடும். திரும்ப வந்து காட்டணம். அம்மயோடு பறயணம், கேட்டோ?"

"என்னட்டி சொல்லுதாவ?" என்றாள் அம்மா.

"தூசியில போகக்கூடாதாம். மருந்து விடணுமாம்."

அம்மாவிடம் சொல்லச் சொன்ன பதினாலு நாள் கணக்கையும், திரும்ப வந்து காட்டவேண்டும் என்பதையும் சொல்லவில்லை. அன்று லீவு கேட்டதற்கே சூப்பர்வைசர் அவளை எல்லார் முன்னாலும் ஏசியிருந்தான். பதினாலாம் நாள் நானே நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் கண் திறந்தது. கரும்பலகை தெரிந்தது. பதினாலாம் நாள் நிறுத்தினேன். பதினேழாம் நாள் எல்லாம் திரும்பி வந்தது. அம்மா பழைய சீட்டைக் காட்டி, பழவங்காடியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் இன்னொரு பாட்டில் வாங்கி வந்தாள். நான் தடுக்கவில்லை.

தினமும் வேலைக்குப் போகுமுன் அவள்தான் விடுவாள். "மல்லாந்து படுட்டி. மகாராணிக்குப் பணிவிடை செய்ய ஆள் வந்தாச்சு."

ஒன்பதாம் வகுப்பில் பக்கவாட்டில் வருகிறவர்கள் மேல் மோதத் தொடங்கினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். பத்தாம் வகுப்புக்குப் போகவில்லை. பிரஷராக இருக்கும் என்று எனக்குத் தெரியும். மருந்தை நிறுத்தினால் அரிப்பு வருமே என்று பேசாமல் இருந்தேன். வலது கண்ணில் புகை மூடிய பிறகுதான் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் நெடுநேரம் பார்த்தார். காலி பாட்டிலைக் கையில் எடுத்தார்.

"இத்ர நாள் ஆரு மருந்து விட்டது?"

இது அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "நாந்தான் டாக்டரம்மா. ரெண்டு வருசமா ஒரு நாள் தப்பவிட்டதில்ல," என்றாள். நல்ல பேர் வாங்கப்போகிற முகம்.

டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். வலது கண் நரம்பு செத்துவிட்டது. இடதில் பாதி போய்விட்டது. வேறு மருந்து தருவார். அதுவும் சேதியை அடக்கும், பிரஷர் ஏற்றாது. போனது வராது.

"என்னட்டி சொல்லுதாவ?"

"மருந்து ரொம்ப நாள் விட்டதால நரம்பு போயிட்டாம்."

அம்மா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள்.

"நாந்தான ஊத்துனேன்," என்றாள்.

பதினாலு நாள் மட்டும் என்று டாக்டர் முதலிலேயே சொன்னதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். டாக்டர் புதுச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

புது மருந்தை அம்மா தொடுவதில்லை. நானே விட்டுக்கொள்கிறேன். பாதி கன்னத்தில் வழிந்துபோகிறது. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறாள்.