சரியக்காவின் கழுத்து

கிடங்கில் அவளுக்குச் சரியக்கா என்று யார் பெயர் வைத்தார்கள் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. யார் எதைக் கேட்டாலும் "சரி" என்று தலையாட்டிவிடுவாள். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. ஆனால் ஏழாம் நம்பர் ஃபோர்க்லிஃப்டில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஐந்தாவது தட்டில் இருக்கும் கண்ணாடிப் பெட்டிகளைக்கூட ஒரு கீறல் விழாமல் இறக்கிவைப்பாள்.

அப்படிப்பட்டவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. நாளெல்லாம் அண்ணாந்து மேல் தட்டைப் பார்க்க வேண்டும், வண்டியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்க்க வேண்டும். போதாக்குறைக்கு, ஆளில்லை என்று மேற்பார்வையாளர் கேட்டதற்கு வழக்கம்போலத் தலையாட்டி, ஒரு மாதமாக ரெட்டை ஷிஃப்ட். ஒரு நாள் காலையில் கழுத்து இடப்பக்கம் திரும்ப மறுத்துவிட்டது.

மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தான், ஆனால் விதியென்றால் விதிதான் அவருக்கு.

"பின்னாடி பாக்க முடியாதவங்க கையில வண்டியக் குடுக்க முடியாதுக்கா. மூணு வாரம் பேக்கிங் மேஜையில இருங்க. அப்புறம் பாக்கறேன். ரெண்டு பக்கமும் திரும்பினா ஏழாம் நம்பர் உங்களுக்கு. இல்லன்னா வேற ஆள்தான்."

பெட்டிக்கு டேப் ஒட்டுவதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஏழாம் நம்பரின் சாவி இன்னொருவர் இடுப்பில் தொங்குவதை நினைத்தாலே அவளுக்கு வயிறு எரிந்தது.

கழுத்துவலி என்று வாயைத் திறந்தால் போதும், சொந்தத்தில் இருக்கிற அத்தனை பேரும் வைத்தியராகிவிடுவார்கள். அக்கா போனில் தைலத்தைப் போட்டு அழுத்தித் தேய்க்கச் சொன்னாள். கணவன் கழுத்துப்பட்டை வாங்கிக்கொண்டு வந்தான். கொழுந்தனுக்கோ, விளையாட்டு மைதானத்தில் நண்பர்களுக்கெல்லாம் கழுத்தில் சொடக்கு எடுத்துவிட்ட பெருமை. நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டான்.

"இப்படி உக்காருங்க அண்ணி. ஒரே திருப்பு. டக்குன்னு ஒரு சத்தம், வலி போயே போச்சு."

பழக்கதோஷத்தில் தலையாட்டப் போனாள். சுரீர் என்றது. ஆட்டம் பாதியில் நின்றது. சரி சொல்லாத சரியக்காவை அந்த வீடு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது.

"வேணாம்பா" என்றாள்.

"பயமா அண்ணி?"

"பயமில்ல. வண்டி சிக்கிக்கிட்டா லிவரப் பிடிச்சு முறுக்குவேனா? எங்க சிக்கியிருக்குன்னு முதல்ல பாப்பேன். நீ திருப்பி, தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையா ஆயிடப்போகுது."

சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வண்டியைப் பற்றி இவ்வளவு தெரிந்தவள் சொந்தக் கழுத்தை மட்டும் ஏன் கண்டவர் கையில் கொடுக்க வேண்டும்?

மறுநாளே பிசியோதெரபி பார்க்கும் பெண்ணிடம் போனாள். அந்தப் பெண் எடுத்ததும் கழுத்தைத் தொடவில்லை. கை மரத்துப்போகிறதா, எங்காவது விழுந்தீர்களா என்று கேட்டு, விரல்களின் பலத்தைப் பார்த்து, அதன் பிறகுதான் தொட்டாள்.

"நரம்புல ஒண்ணுமில்லம்மா. தசை இறுகியிருக்கு. வீட்டுல என்னென்ன சொன்னாங்க?"

சரியக்கா ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்.

"தைலம் மெதுவாத் தடவலாம், அழுத்த வேணாம். சூடா ஒத்தடம் குடுங்க. பட்டைய நாள் பூராப் போட்டா கழுத்து சோம்பேறியாயிடும். சொடக்கு எடுக்கறவர் கிட்டயே போகாதீங்க." அவள் சிரித்தாள். "சரி, 'மாட்டேன்'னு சொல்லத் தெரியுமா?"

"இல்லீங்க."

"அதான் உங்க மருந்து. 'மாட்டேன்'னு தலையாட்டற மாதிரி, தலைய மெதுவா இடது தோள் பக்கம் திருப்புங்க, அப்புறம் வலது தோள் பக்கம். வலிக்கறதுக்கு முன்னாடி நிறுத்திடணும். மணிக்கு ஒருதரம், பக்கத்துக்குப் பத்துத் தடவை."

பேக்கிங் மேஜையில் மணிக்கு ஒருதரம் அவள் 'மாட்டேன், மாட்டேன்' என்று தலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். வீட்டில் "டீ வேணுமா?" என்று கணவன் கேட்கும் நேரத்தில் பயிற்சி நடந்தால், இரண்டு டம்ளரையும் அவனே குடித்துவிடுவான். முதல் வாரம் ஒரு விரற்கடைகூட முன்னேற்றமில்லை. கொழுந்தன் நாற்காலியைக் காட்டிக் காட்டிச் சிரித்தான். அவள் அசரவில்லை. இரண்டாம் வாரம் இடது காதுக்குப் பின்னால் ஏதோ இளகியது.

மூன்றாம் வாரம் முடிந்த அன்று ஏழாம் நம்பரில் ஏறினாள். இரண்டு வரிசைத் தட்டுகளுக்கு நடுவே, பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்து, கோட்டின் மேல் கச்சிதமாக நிறுத்தினாள்.

மேற்பார்வையாளர் படிவத்தை நிரப்பினார். கடைசியில் இரண்டு கட்டங்கள் பாக்கி: இடம், வலம். பேனா காகிதத்துக்கு மேலே நின்றது.

"அப்புறம்க்கா, திங்கக்கிழமைல இருந்து பழையபடி ரெட்டை ஷிஃப்ட். என்ன, சரிதானே?"

சாவி மேஜைமேல் கிடந்தது. கையெழுத்து இன்னும் விழவில்லை. 'சரி' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதோடு கழுத்தில் அந்தப் பழைய சுரீரும் ஞாபகம் வந்தது. சாவி போனால் போகட்டும் என்று தோன்றிய மறுகணமே, ஏன் போக வேண்டும் என்றும் தோன்றியது.

அவள் தலையை இடது தோள்வரை திருப்பினாள். பிறகு நிதானமாக வலது தோள்வரை திருப்பினாள். எங்கேயும் வலிக்கவில்லை.

"மாட்டேன் சார். ஒரு ஷிஃப்ட்தான். ரெண்டு பக்கமும் முழுசாத் திரும்புது, பாத்துக்குங்க."

அவர் அவளையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு கட்டத்திலும் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டு, சாவியை அவள் பக்கம் தள்ளினார்.

"சரிக்கா" என்று இந்த முறை தலையாட்டியவர் அவர்தான்.