வூபனின் மதிய ஓய்வு

இன்ஜினைக்கூட அணைக்கவில்லை, அதற்குள் வூபன் வந்து நின்றார். வேன், கேரவன்களை நிறுத்திக் கோடையைக் கழிக்கும் இந்த ஏரிக்கரை வண்டி முகாமின் மேற்பார்வையாளர். இடுப்பில் அளவு நாடா, கழுத்தில் விசில், ஆகஸ்ட் வெயிலிலும் மேல் பட்டன்வரை பூட்டிய, பை புடைத்த சட்டை.

"வேன் மூக்கு பாதையைப் பார்த்து இருக்கணும். திருப்புங்க."

"வணக்கம்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா சார்?"

"வணக்கம். திருப்புங்க."

என் கணவர் ஃபோல்கர் மறுபேச்சில்லாமல் திருப்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். சண்டை போடும் நிலைமையில் நான் வரவில்லை.

வேனுக்குள், அடுப்புக்குக் கீழே, காபித் தூள் டப்பாவில் என் அக்கா ரோஸ்விதா இருந்தாள். அவளுடைய சாம்பல். எங்கள் ஜெர்மனியில், இந்தப் பக்கத்துச் சட்டப்படி, இறந்தவரின் சாம்பலைக் கல்லறைத் தோட்டத்தில்தான் புதைக்க வேண்டும். சொந்தத் தங்கை கேட்டாலும் கையில் தரமாட்டார்கள். எல்லை தாண்டி ஹாலந்தில் எரித்தால் தருவார்கள். அப்படித்தான் வாங்கிவந்தோம். வருடக்கணக்காக அவள் கோடையெல்லாம் குடியிருந்த இந்த முகாமில், தானே நட்ட ஆப்பிள் மரத்தடியில் கிடக்க வேண்டும் என்பது அவள் ஆசை. சாகும்போது என் கையைப் பிடித்துக் கேட்டது அது ஒன்றைத்தான். வூபனுக்குத் தெரிந்தால் அதிகாரிகளை வரவழைப்பார்; அவர்கள் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போய், முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே ஏதோ ஒரு வரிசையில் அவளைப் புதைத்துவிடுவார்கள்.

வூபனைப் பற்றி அவள் சொல்லாத நாளில்லை. இடுப்புக்கு மேல் எந்தச் செடியும் வளரக் கூடாது என்பது முகாம் விதி. இவள் போய் மரத்தை நட்டாள். வசந்தம் பிறந்தால் அவர் நாடாவோடு வந்து வெட்டச் சொல்வார், இவள் முடியாது என்பாள். "இன்னிக்கு அந்த நாடாக்காரனோட செம சண்டைடீ" என்று போனில் சொல்லும்போது குரலில் அப்படி ஒரு குஷி இருக்கும். மனுஷி சண்டைக்காகவே இங்கே வந்தாளோ என்னவோ!

இதில் இரண்டு விஷயங்கள் என்னைக் குடைந்தன. முகாம் பாதி காலி. எந்த இடம் வேண்டும் என்று நான் வாய் திறப்பதற்கு முன்பே வூபன் வாசலிலேயே கைகாட்டி எங்களை அக்காவின் பழைய இடத்துக்கு அனுப்பிவிட்டார். அடுத்தது அந்த மரம். ஒருவர் காலி செய்தால் வெறும் புல்தரைதான் மிஞ்ச வேண்டும். அவளுடைய கேரவன், வேலி, களிமண் குள்ளர் பொம்மை எல்லாம் போய்விட்டன. மரம் மட்டும் ஆளுயரத்தைத் தாண்டி நின்றது. அதுவும் கிளைகளை அழகாகக் கழித்துவிட்டு.

"யாருப்பா இதைக் கழிச்சிருப்பாங்க?" என்று ஃபோல்கரிடம் கேட்டேன்.

"உனக்கு எதுக்கு? வந்த வேலையைப் பாரு."

வேலையைப் பார்க்க வூபன் விட்டால்தானே! சற்று நேரத்தில் திரும்பி வந்தார். மின்சார வயரைச் சுருளிலிருந்து முழுக்கப் பிரித்துப் போட வேண்டுமாம், இல்லையென்றால் சூடாகுமாம். பிரித்தோம். மறுபடி வந்தார். பாத்திரம் கழுவிய தண்ணீரைப் புல்லில் ஊற்றினேனாம். அப்புறம் குப்பை. ஈரமான டீ இலையை நான் காகிதத் தொட்டியில் போட்டதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறார்.

"உங்களுக்கு வேற பொழைப்பே இல்லையா சார்? இங்க வேற வண்டியே நிக்கலையா?"

"நிக்குது."

"அப்ப அங்க போய் மூக்கை நுழைங்களேன்!"

அவர் கோபப்படவில்லை. அவர் பார்வை வேன் சக்கரத்தின் மேல் சாய்ந்திருந்த கைமண்வெட்டிக்குப் போனது. நான் நகர்ந்து அதை மறைத்து நின்றேன்.

"தோண்டுறது தடை" என்றார்.

"தெரியும். அது... சும்மா இருக்கு."

"மதிய ஓய்வு ஒரு மணிலேர்ந்து மூணு வரைக்கும். வாசல் தடுப்பை இறக்கிடுவேன். யாரும் உள்ள வர முடியாது, வெளிய போக முடியாது. நானும் ஆபீஸ்ல திரையை இழுத்துடுவேன். தலையே போனாலும் மூணு மணி வரைக்கும் அதைத் திறக்கமாட்டேன்."

"எனக்கே பாடமா? பொறந்ததுலேர்ந்து முகாம்லதான் சார் கோடை கழிக்கிறேன்."

"தெரியும். இருந்தாலும் சொல்லணும்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"பாத்தியா, மிரட்டிட்டுப் போறான்" என்று பொரிந்து தள்ளினேன்.

ஃபோல்கர் உருளைக்கிழங்கு சாலடை மென்றுகொண்டே, "மிரட்டினா மண்வெட்டியைத் தூக்கிட்டுல்ல போயிருப்பாரு?" என்றார்.

அதுதானே! டீ இலைக்கே துரத்தி வந்தவர் மண்வெட்டியை ஏன் விட்டுவிட்டுப் போனார்? எங்கள் நாட்டில் பால் குடிக்கும் குழந்தைக்குக்கூடத் தெரிந்த மதிய ஓய்வை எதற்காக நின்று நிதானமாக விளக்கினார்? யோசித்து யோசித்து எனக்குச் சாலட் இறங்கவில்லை.

தடுப்பு இறங்கிற்று. முகாம் அடங்கிப்போனது. ரேடியோ இல்லை, பந்து சத்தம் இல்லை. எதிரே ஆபீஸ் ஜன்னலில் பச்சைத் திரை கீழே வந்தது.

"இப்பவே செய்யலாம்" என்றேன்.

"பட்டப்பகல்லயா? பைத்தியமா உனக்கு?"

"இப்பதான் செய்யணும்."

மரத்தடியில் புல்லைப் பாளமாகப் பெயர்த்து வைத்துவிட்டுத் தோண்டினேன். பாதியில் மண்வெட்டி கல்லில் பட்டு 'டங்'கென்றது. ஓய்வு நேரத்தில் ஒருவர் பலமாகத் தும்மினாலே வூபனின் விசில் கிளம்பும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். மண்வெட்டியை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். திரை அசைந்தது. ஓரத்தில் இருந்த சின்ன இடுக்கையும் யாரோ உள்ளிருந்து இழுத்து மூடினார்கள்.

டப்பாவைக் கவிழ்த்தேன். "வந்து சேர்ந்துட்டேக்கா" என்றேன். அழுதுவிட்டேன். ஃபோல்கர் மண்ணைத் தள்ளிப் புல்லை மூடினார். எவ்வளவு மிதித்தும் புல் பாளம் சரியாகப் பொருந்தவில்லை, நடுவே மண் தெரிந்தது.

மணி மூன்று அடித்ததும் திரை ஏறியது. வூபன் நேராக எங்களிடம் வந்தார். கையில் மண்ணைச் சமப்படுத்தும் இரும்பு வாரி.

"தரை மேடா இருக்கு. சமமா இருக்கணும்."

"விதியா?" என்று கேட்டேன்.

"விதிதான்." குனிந்து அவரே வாரினார். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, தெரிந்த மண் மேல் புல் விதையைத் தூவினார். காலையில் வேன் மூக்கைத் திருப்பச் சொல்லும்போதே அந்தப் பை புடைத்துக்கொண்டு இருந்ததை நான் பார்த்திருந்தேன்.

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"உங்க அக்காதான் ஆஸ்பத்திரிலேர்ந்து போன் பண்ணாங்க. 'நான் வந்து அந்த மரத்தடில படுத்துக்கறேன், அப்புறம் எவன் வெட்டறான்னு பாக்கறேன்'னாங்க. என்ன வாய் அது, அப்பப்பா!" சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அன்னிலேர்ந்து விதை என் பையிலதான் இருக்கு. உங்களுக்கும் அதே மூக்கு. காலையிலயே தெரிஞ்சுபோச்சு. எப்ப தோண்டுவீங்களோன்னு நானும் எத்தனை தடவைதான் வந்து வந்து பாக்கறது?"

நான் மரத்தைக் காட்டினேன். "கழிச்சுவிட்டது நீங்கதானே?"

அவர் இடுப்பிலிருந்து நாடாவை உருவி, அடிமரத்திலிருந்து கை எட்டும் வரை அளந்தார். பிறகு, கீழே ஆள் இருப்பதுபோல மண்ணைப் பார்த்துப் பேசினார்.

"இந்த வருஷமும் உயரம் கூடிப்போச்சு, ரோஸ்விதா. வெட்டணும்."

பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் நாடாவைச் சுருட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"புல் முளைக்கிற வரைக்கும் இந்த இடத்துல வேற வண்டி நிறுத்த விடமாட்டேன். முளைச்சப்புறமும்தான்."

"அதுவும் விதியா சார்?"

"இன்னிலேர்ந்து" என்றார்.