சிவக்காத மெட்ராஸ் ஐ

"பொறுத்துப் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் ஜாஸ்மினுக்குப் பற்றிக்கொண்டு வரும். சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் அவள். விசில் ஊதினால் மாடம்பாக்கம் வரை கேட்கும் என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள். அப்பேர்ப்பட்டவள் போன மாதம் வலது கால் மரத்துப்போய் மைதானத்திலேயே குப்புற விழுந்தாள்.

நரம்பு டாக்டர் யக்ஞநாராயணன் நல்ல மனிதர்தான், ஆனால் எதற்கும் அவசரப்படாதவர். "மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸா இருக்கலாம்மா. நம்ம உடம்பே நரம்போட உறையை அரிக்கிற வியாதி. ஆனா ஸ்கேன்ல ஒரே இடம்தான் தெரியுது. வேற இடத்துலயும் பாதிப்பு இருந்தாத்தான் உறுதியா சொல்லி மருந்து ஆரம்பிக்கலாம். பொறுத்துப் பார்க்கலாம்."

அதாவது, இன்னொரு அடி விழும் வரை சும்மா உட்கார்ந்திரு! அது கையில் விழுமோ, காலில் விழுமோ, யார் கண்டது?

"முன்னாடி கண்ணுல ஏதாவது பிரச்சினை?"

கால் டாக்ஸி ஓட்டும் அவள் கணவன் சுகுமார் முந்திக்கொண்டான். "ஒண்ணியும் இல்ல சார். ரெண்டு வருஷம் மின்னாடி மெட்ராஸ் ஐ வந்துது. தெருவுக்கே வந்துச்சே!"

வந்ததுதான். தெருவே கறுப்புக் கண்ணாடியோடு திரிந்த சமயம். இடது கண் வலிக்கிறது என்று இவள் சொன்னதுதான் தாமதம், இந்த மகாராஜன் சுகுமார் அவளைத் தனி அறையில் தள்ளி, சாப்பாட்டுத் தட்டைக் கதவோரம் வைத்துவிட்டு ஓடினான். மருந்துக்கடையில் கொடுத்த சொட்டு மருந்தை ஊற்றிக்கொண்டு கிடந்தாள். கண்ணும் மெல்லத் தெளிந்தது.

"கண் சிவந்துதா?" என்றார் டாக்டர்.

ஜாஸ்மின் யோசித்தாள். சிவக்கவே இல்லையே! "இல்ல சார். கண்ண உருட்டினா வலிச்சுது. ரெட் ஹவுஸ் பசங்களோட சிவப்பு பனியன் எல்லாம் சாயம் போன மாதிரி தெரிஞ்சுது."

அவசரப்படாத மனிதர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "கீழ போய் ஓ.சி.டி. எடுத்துட்டு வாங்க. இப்பவே!"

கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கும் நரம்புப் படலத்தை வெளிச்சத்தாலேயே அளந்து எடுக்கும் படம் அது. ஊசியும் இல்லை, வலியும் இல்லை. தாடையை வைத்துப் புள்ளியைப் பார்த்தால் முடிந்தது.

படம் வந்தது. வலது கண் முழுக்கப் பச்சை. இடது கண்ணில் ஒரு பக்கம் பளிச்சென்று சிவப்பு.

"பாருங்க, சிவப்பா இருக்கிற இடத்துல படலம் மெலிஞ்சிருக்கு," என்றார் டாக்டர், குரலில் உற்சாகத்தை அடக்க முடியாமல். "அன்னிக்கு வந்தது மெட்ராஸ் ஐ இல்லம்மா. கண் நரம்புல விழுந்த முதல் அடி. ரெண்டாவது இடம் கிடைச்சாச்சு. இந்த வாரமே மருந்து ஆரம்பிச்சிடலாம்."

"யெஸ்!" என்று ஜாஸ்மின் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சுகுமாருக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாடி இது, வியாதின்னு சொல்றாரு, நீ குதிக்கிற?"

"பின்ன இன்னாங்க? அடுத்த அடி எங்க விழும்னு இத்தினி நாளா பயந்துகினே படுத்தேன். இன்னிக்குத் தூங்குவேன்," என்று சிரித்தபடி சொல்ல ஆரம்பித்தவள், முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.