பின்கதவை மறித்த மரக்கூடு

"பின்கதவு வழியாத்தான் எடுக்கணும்" என்று பெரியவர் மூன்றாவது முறையாகச் சொன்னபோது, நாலு பேர் கொல்லையில் குனிந்து அந்த மரக்கூட்டின் இரண்டு முனையிலும் கை போட்டிருந்தார்கள்.

கூடத்தில் அவருடைய தம்பி கிடந்தார். எழுபத்தொரு வயது. யாருக்கும் தொந்தரவில்லாமல் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தெருவுக்கு அவர் தேன்காரர். எங்கே மரம் விழுந்தாலும் போய்க் கேட்டு அடிமரத்தை வாங்கி வருவார். உளியால் உள்ளே குடைந்து, இரண்டு பக்கமும் பலகை அடைத்து, விளிம்பில் களிமண் பூசி, கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு வாசல் வைப்பார். தேனீயைப் பெட்டியில் வளர்த்தால் மூன்று பங்கு தேன் எடுக்கலாமே என்று கேட்டவர்களிடம், "வீடு அதுங்களோடது. நான் வாடகை மட்டும்தான் வாங்குறேன்" என்பார்.

அப்படி ஏழு கூடுகள். ஆறு, கொல்லைச் சுவரை ஒட்டி வரிசையாக இருந்தன. கடைசியாக வந்த ஏழாவதற்கு இடமில்லாமல், பின்கதவோரம் நாலு செங்கல் மேல் படுக்கப் போட்டிருந்தார். அதனால் கதவு பாதிதான் திறக்கும்.

பெரியவர் கோர்ட்டில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தெட்டு வயதிலும் முதுகு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருக்கும். முன்வாசல் வேண்டாம் என்பதற்கு அவர் சொன்ன காரணம், நடை குறுகல், திருப்ப முடியாது என்பது. சொல்லாத காரணம் எதிர்வீடு. எதிர்வீட்டில் தையல்காரர் இருந்தார். அந்த வாசலைத் தாண்டித் தம்பியைத் தூக்கிக்கொண்டு போக அவருக்கு முகமில்லை.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், இருள் பிரியாத நேரத்தில், பெரியவர் தெருமுனையில் இருக்கும் தன் வீட்டு வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். தம்பி வீட்டுக் கொல்லைக்குப் போகிற சந்து அங்கேதான் திரும்பும். தம்பி ஒரு கைவண்டியை இழுத்துக்கொண்டு வந்தார். விளக்கில்லை. வண்டியில் சாக்குப் போர்த்திய பெரிய உருளை. அண்ணனைப் பார்த்ததும் தம்பி நிற்கவில்லை. உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டுச் சந்துக்குள் திரும்பிவிட்டார்.

விடிந்ததும் பெரியவர் அந்தப் பக்கம் நடந்தார். தையல்காரர் வீட்டுத் தோட்டத்தில் பட்டுப்போன அடிமரம் ஒன்று கிடந்ததும், அதில் தேனீ தானாகக் குடியேறியிருந்ததும் தெருவுக்கே தெரியும். அன்று வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தால் அது இல்லை. அது கிடந்த பள்ளம் மட்டும் இருந்தது. தம்பி வீட்டுக் கொல்லையில் ஏழாவது கூடு இருந்தது.

அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். வந்தால், அந்தப் பதிலோடு காலம் தள்ள வேண்டும். அவர்களுடைய அப்பா அடுத்தவர் வேலியிலிருந்து ஒரு குச்சியைக்கூட ஒடிக்காதவர். அப்படிப்பட்டவர் பெற்ற பிள்ளை திருடன் என்று ஒருவர் நாக்கின் மேல் பல் போட்டுப் பேசிவிடக் கூடாது. அதனால் பெரியவர் தம்பியிடம் வழக்கம்போலப் பேசினார், நல்லது கெட்டதுக்கு வந்தார், போனார். ஒன்று மட்டும் செய்யவில்லை. அந்த வீட்டுத் தேனை நாக்கில் வைக்கவில்லை. சர்க்கரை வியாதி என்று சொல்லிவிட்டார். சொன்ன பாவத்துக்கு இருபத்திரண்டு வருஷம் தம்பி வீட்டில் சர்க்கரை இல்லாத டீ குடித்தார். தன் வீட்டுக்குப் போய் இரண்டு ஸ்பூன் போட்டு ஒன்று குடித்தால்தான் நாக்கு ஆறும்.

"தொடாதீங்க. அது என் கூடு."

கொல்லை வாசலில் தையல்காரர் நின்றுகொண்டிருந்தார். குள்ளமான மனிதர். சாவுச் செய்தி கேட்டதும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்ததால் அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது. நாலு பேரும் கையை எடுத்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை வருஷம் கட்டிக் காத்தது, தம்பி கூடத்தில் கிடக்கும்போதா அவிழ வேண்டும்?

தையல்காரரின் முழங்கையைப் பிடித்துத் துவைக்கிற கல் பக்கம் அழைத்துப் போனார். யாரிடமும் குரல் தாழ்த்திப் பழக்கமில்லாதவர், அன்று தாழ்த்தினார்.

"எடுத்துக்குங்க. இன்னைக்கே எடுத்துக்குங்க. இங்க வெச்சுப் பேச்சு மட்டும் வேண்டாம்."

தையல்காரர் விழித்தார். "நான் எதுக்கு எடுக்கணும்? எடுக்கக்கூடாதுன்னுதான் ஓடி வந்தேன். பட்டப்பகல்ல அசைச்சா, வந்திருக்கிற ஒருத்தர் முகமும் முகமா இருக்காது. மேயப் போன ஈ திரும்பி வந்து வீட்டைக் காணோம்னு கூடத்துக்குள்ள புகும்."

"பின்னே எப்போ எடுக்கிறது?"

"இருட்டு பிரியறதுக்கு முன்னாடி. எல்லாம் வீட்டுக்குள்ள இருக்கிற நேரம் அதுதானே. வாயில ஈரத்துணி அடைச்சு, மேல சாக்கைப் போட்டு எடுக்கணும். விளக்கு கூடாது, பேச்சும் கூடாது. எங்க வீட்டுல இருந்து அப்படித்தானே கொண்டு வந்தோம்."

பெரியவர் ஒரு கையால் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டார்.

"கொண்டு வந்தோம்னா?"

தையல்காரர் சொன்னார். அவர் மனைவியைத் தேனீ இரண்டு தடவை கொட்டியிருக்கிறது. முதல் தடவை முகம் வீங்கியதோடு போயிற்று. இரண்டாம் தடவை மூச்சே அடைத்து, ஆஸ்பத்திரியில் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். அவள் வீடு திரும்பிய அன்றைக்கே தையல்காரர் தேன்காரரிடம் ஓடியிருக்கிறார், எப்படியாவது இதை எடுத்துப் போங்கள் என்று. தேன்காரர் எடுத்து வந்து, மூன்று நாள் வாயை அடைத்து வைத்து, பிறகு வாசலில் தழையைச் செருகி ஈக்களுக்குப் புது இடத்தைப் பழக்கியிருக்கிறார்.

"கொடுத்தது கொடுத்ததுதான்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். கேக்கவே மாட்டார். உன் கூடுன்னு சொல்லி, வருஷா வருஷம் அதுல எடுக்கிற தேன்ல பாதியைக் கொண்டு வந்து வெச்சிட்டுப் போவார். அந்த மனுஷன் அப்படி."

"அன்னைக்கு நான் வாசல்லதான் நின்னேன்" என்றார் பெரியவர். "வண்டியோட அவன் ஒருத்தன்தான் வந்தான்."

"பின்னாடி குனிஞ்சு தள்ளிட்டு வந்தது யாரு? கட்டை என்னைவிட உசரமாச்சே, எங்க தெரியப்போறேன்? ஒரு சொல்லுக்கு வாயைத் திறக்க விடலை உங்க தம்பி. சத்தம் கேட்டா உள்ள இரைய ஆரம்பிச்சிடுமாம். உங்ககிட்டயும் விரலைக் காட்டினாரே, ஞாபகம் இல்லையா?"

பெரியவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் அவர் முதுகு வளைந்ததை அன்றுதான் தையல்காரர் பார்த்தார். பயந்துபோய், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். பெரியவர் வேண்டாம் என்று தலையாட்டினார். பெரிய மூச்சு ஒன்று தானாக வெளியே வந்தது. பாரம் இறக்கிய கூலிக்காரனுக்கு வருமே, அப்படி. பிறகு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"முன்வாசல் வழியா எடுங்க" என்று கூடத்தைப் பார்த்துச் சொன்னார்.

தம்பி மகள் கதவோரம் நின்றாள். "நடை குறுகல்னு நீங்கதானே பெரியப்பா சொன்னீங்க?"

"கதவைக் கழட்டு."

இரண்டு கதவையும் கீலிலிருந்து கழற்றிச் சுவரில் சாத்தினார்கள். முன்பக்கம் வலது தோளைப் பெரியவரே கொடுத்தார். இந்த வயதில் வேண்டாம் என்று சொல்லப்போனவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கினார்கள். தையல்காரர் தோள் எட்டாமல் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார். எதிர்வீட்டு வாசலில் அவர் மனைவி நின்றிருந்தாள்.

"ஒரு நிமிஷம் நில்லுங்க" என்றார் பெரியவர்.

நின்றார்கள். அவர் தெருவின் இரண்டு பக்கமும், ஒவ்வொரு வாசலாக, நிதானமாகப் பார்த்தார். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் காலை எடுத்து வைத்தார்.

எல்லாம் முடிந்து குளித்துவிட்டு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பெரியவர் கொல்லையில் பின்கதவோரம் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தார். தம்பி மகள் வழக்கமான டீயைக் கொண்டு வந்தாள். வாங்கி ஒரு வாய் குடித்தவர், டம்ளரைத் திருப்பி நீட்டினார்.

"இதுல கொஞ்சம் தேன் விடு."

அவள் அவரையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் சர்க்கரை..." என்று ஆரம்பித்தாள்.

மேயப் போன ஈக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து மரக்கூட்டின் வாசலில் இறங்கி உள்ளே போய்க்கொண்டிருந்தன. பெரியவர் அவற்றிலிருந்து கண்ணை எடுக்காமல், உதட்டின் மேல் விரலை வைத்தார்.