கரண்ட் கட் ரெக்கார்ட்ஸ்

பங்க் இசைக்கு ஒரு கம்பெனி தொடங்கப் போவதாகப் பிரவீனா சொன்னபோது, அவள் அப்பா பெட்ரோல் பங்க் என்றே நினைத்துவிட்டார். "மெயின் ரோட்டு மேல எடம் பாத்துட்டயா கண்ணு?" என்றார். கிட்டாரை வேகவேகமாக அடித்து, தொண்டை கிழியக் கத்திப் பாடுவது என்று அவள் விளக்கிய பிறகும், பெரியநாயக்கன்பாளையத்தில் தன் மோட்டார் பட்டறையின் மாடி அறையை மறுக்காமல் கொடுத்தார். எந்நேரமும் மின்சாரம் போய்க்கொண்டிருந்த காலம் அது. முதல் பாட்டைப் பதிவு செய்யும்போதே கரண்ட் போனது. கம்பெனிக்குப் பெயரும் கிடைத்தது.

பிரவீனாவே பாட்டுகளைக் கேசட்டில் ஏற்றி, ஜெராக்ஸ் எடுத்த அட்டையை ஒட்டி, கல்லூரி வாசல்களில் விற்றாள். முதல் கேசட்டில் பாடியவள் ஆனைமலைக் கயல்விழி. தென்னந்தோப்பில் கூலி வேலை செய்யும் மாசாணியம்மாளின் மகள். தோப்புக்காரர் வீட்டு வாசலோடு அம்மாவை நிறுத்தி வைத்ததை அவள் கத்திப் பாடினாள். இப்போது பெங்களூரில் நர்ஸ்.

போன ஐப்பசி மழையில் மாடி ஒழுகி, எல்லாப் பாட்டுகளும் இருந்த ஹார்ட் டிஸ்க் வீணானது. கேசட் வைத்திருப்பவர்கள் தந்து உதவும்படி பிரவீனா தெரிந்தவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினாள். மற்றவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. முதல் கேசட் மட்டும் கயல்விழியிடம்கூட இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாசாணியம்மாள் படியேறி வந்தார்.

"புள்ள போன்ல சொல்லுச்சுங்க அம்மணி. இதானுங்களா பாருங்க." துணிப்பைக்குள் அந்தக் கேசட் இருந்தது.

பிரவீனா அதை எடுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உங்களுக்கு இந்தப் பாட்டே புடிக்காதுன்னு நெனச்சிருந்தேனுங்கம்மா."

"பாட்டு எனக்கெங்கீங்க புரியுது? ஊட்டுல அவ வாயே தொறக்க மாட்டா. மனசுல இருக்கறத இதுலதானுங்க சொல்லியிருக்கறா. அதான் போட்டுப் போட்டுக் கேப்பனுங்க."

கேசட் ஓடியது. இரண்டாவது பாட்டின் நடுவே கிட்டார் சட்டென்று நின்று, "சூ! அரிசியத் தின்னுபோடுது பாரு!" என்று ஒரு குரல் கோழியை விரட்டியது. பிறகு பாட்டு மறுபடியும் பாய்ந்து வந்தது.

மாசாணியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "எந்தப் பட்டன அமுக்கிப்போட்டனோ தெரியலீங்களே. பாட்டக் கெடுத்துட்டனுங்களா?"

பிரவீனா கயல்விழிக்கு ஃபோன் போட்டு அந்த இடத்தைக் கேட்க வைத்தாள். கயல்விழி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் மூக்கை உறிஞ்சினாள். "அத வெட்டிராதீங்கக்கா. அப்படியே போடுங்க. அம்மா பேரையும் போடுங்க."

பாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்ததும் மாசாணியம்மாள் கேசட்டை மறக்காமல் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிரவீனா அவரை ஸ்கூட்டரில் உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய், பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம்பிடித்து உட்கார வைத்தாள். நன்றி சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் மாசாணியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு எம்புள்ளைய வாய்விட்டுக் கத்த உட்டீங்களே அம்மணி. நீங்க நல்லா இருக்கோணும்."

பஸ் கிளம்பியது. பிரவீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது வளைவில் திரும்பி மறையும்வரை கை அசைத்தபடி நின்றாள்.